ஊட்டிக் குளிர் அணுகுண்டு வெப்பத்தை அடக்காது

'குன்னூர், ஊட்டிப் பக்கம் குளிரும் மலையும் இருக்கு, அணுகுண்டு வெப்பம் அண்டாது' என்று சிலர் எழுதுகிறார்கள். பாதிதான் சரி.

குளிருக்கு இதில் வேலையே இல்லை. அந்த வெப்பம் அனல்காற்றாக வருவதில்லை, ஒளியாக வருகிறது. காற்று 5 டிகிரியில் இருந்தாலும் தோல் வெந்துபோகும். இடையில் அடர்ந்த மூடுபனி இருந்தால் குறையும். ஆனால் மேகம் வெடிப்புக்கு மேலே நின்றால் வெப்பத்தைக் கீழே திருப்பியனுப்பும்.

மலை மறைக்கும் என்பது உண்மை. 1945இல் நாகசாகியில் வெடித்தது சுமார் 21 கிலோடன் (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்), ஹிரோஷிமாவில் 15. இருந்தும் நாகசாகியில் அழிந்த பரப்பு குறைவு. குண்டு உரகாமி பள்ளத்தாக்கில் வெடித்ததால் குன்றுகள் தடுத்தன. பள்ளத்தாக்குக்குள் இருந்தவர்களுக்கு அந்தக் குன்றுகளால் பயனில்லை. வெடிப்பு கிளப்பும் காற்றழுத்த அலையான அதிர்வலையோ ஒளி மாதிரி நேர்கோட்டில் நிற்காது, முகட்டைத் தாண்டி வளைந்து இறங்கும்.

இன்னொன்று: வெளிச்சம் தெரிந்ததும் ஜன்னலுக்கு ஓடாதீர்கள். அதிர்வலை பின்னால்தான் வரும், தொலைவில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 வினாடி. கண்ணாடி முகத்தில் தெறிப்பது அப்போதுதான். குப்புறப் படுங்கள்.

தரையில் வெடித்தால் கதிரியக்கத் தூசு காற்றோடு மலையேறும், மழை அதை இறக்கிவிடும். நீலகிரியில் மழைக்கா பஞ்சம்?