ஏர்கன் வேகம் குறைந்தால் எண்ணெய் விடாதீர்கள்

"ஸ்பிரிங் ஏர்கன்னில் குண்டின் வேகம் குறைந்தால் காற்றுத் துளையில் நாலு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சத்தம் கூடும், உண்மைதான். ஆனால் அது டீசல் இன்ஜின் வேலை. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் சட்டென்று நசுக்கும் காற்றின் வெப்பம் பல நூறு டிகிரிக்கு ஏறுகிறது. அந்த எண்ணெய் அங்கேயே வெடித்து எரிகிறது. பிஸ்டன் முனையில் காற்றுக் கசியாமல் அடைக்கும் சீல் கருகும், ஸ்பிரிங்கும் ஒடியலாம்.

பழைய தோல் சீல் என்றால் சரி, காயாமல் இருக்க எப்போதாவது ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விடலாம். இப்போதைய செயற்கை சீலுக்கு பெரும்பாலும் அதுவும் வேண்டாம். பிஸ்டனின் பக்கங்களில் மாலிப்டினம் கிரீஸை மெல்லிசாகப் பூசினால் போதும்.

வேகம் குறைய வழக்கமான காரணங்கள் தேய்ந்த பிஸ்டன் சீல், தளர்ந்த ஸ்பிரிங், அப்புறம் பேரல் (குழல்) மடங்கும் இடத்தில் தேய்ந்த ரப்பர் வளையம். வளையத்தை முதலில் பாருங்கள், அதுதான் மலிவு: பேரலை மூடியபின் அந்த இணைப்பின்மேல் வெளியே ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்து இலக்கை நோக்கிச் சுடுங்கள், கசிந்தால் பேப்பர் பறக்கும். இந்தச் சோதனையையும் குண்டு போட்டே செய்யுங்கள். குண்டில்லாமல் சுட்டால் தடுக்கக் காற்றழுத்தம் இல்லாமல் பிஸ்டன் சிலிண்டர் முனையில் போய் மோதும்.

ஸ்பிரிங்கைக் கழற்றவேண்டி வந்தால் அதை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் தொடாதீர்கள். பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றாத நிலையிலும் அது ஓரளவு அழுத்தத்தில்தான் உட்கார்ந்திருக்கும், கழற்றும்போது முகத்துக்கு நேரே பாயலாம்.