படகு என்ன, போட்டோவுக்குப் போட்ட செட்டா?

மால்ட்டாவுக்குச் சுற்றுலா போன ஒரு தம்பி போட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "நீங்க மால்ட்டாவில் இருந்தவர்தானே, பார்த்தீங்களா?" என்று இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். அந்த மீனவர் கத்துகிற இடத்தில் சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்கிற அழகையும் பார்த்தேன்.

மால்ட்டாவின் மீனவ ஊரான மார்சஷ்லொக் கரையில் கட்டிக்கிடந்த லுட்ஸு என்கிற மர மீன்பிடிப் படகில் யாரையும் கேட்காமல் ஏறி, அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், இருக்கிற கண்ணுக்கு மேலே ஷூ காலைத் தூக்கி வைத்து போஸ் கொடுத்திருக்கிறார் நம் தம்பி. படகுக்காரர் சத்தம் போட்டதும், "இந்த ஊர்க்காரங்களுக்கு டூரிஸ்ட்டை மதிக்கத் தெரியல மக்களே" என்று ஒரு முடிவுரை. லைக் லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாழ்த்துகள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். படகு போட்டோவுக்குப் போட்ட செட்டு இல்லை. ஒருத்தருடைய பிழைப்பு.

மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக அடித்திருப்பதால் விளையாட்டுச் சாமான் மாதிரி தெரிகிறதோ என்னவோ. உப்புத் தண்ணீரில் கிடக்கிற மரத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அது அழகுக்கு மட்டும் இல்லை. முன்னால் இரண்டு பக்கமும் இருக்கிற கண்கள் பினீசியர் காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்பார்கள். கடலில் ஆபத்து வராமல் காக்கும் என்ற நம்பிக்கை. அதன் மேல்தான் ஷூ.

கடலுக்குப் போக எதற்குக் காவல் என்று கேட்பவர்களுக்காக: 1989 டிசம்பரில் அப்பா புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் பேச்சுவார்த்தைக்கு வந்தது இதே மார்சஷ்லொக் வளைகுடாவுக்குத்தான். புயல் அடித்து, புஷ் தன் கப்பலைவிட்டு இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டார், அன்றைய இரவு விருந்தே ரத்தானது. போர்க்கப்பலில் தங்கிய அமெரிக்க ஜனாதிபதிக்கே அந்தக் கதி. லுட்ஸுவில் போகிறவர் கண் வரைந்துகொள்வதில் என்ன சிரிப்பு?

"படகுக்கு ஒன்றும் ஆகலையே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற பைக்கில் எவனோ ஏறி நின்று செல்ஃபி எடுத்தால் பைக்குக்கும் ஒன்றும் ஆகாது. சும்மா இருப்பீர்களா?

"சுற்றுலாக்காரன் போடுகிற காசில்தானே அந்த ஊரே ஓடுகிறது?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இப்போது மீன் விற்கிற மேசைகளைவிட ஃபிரிட்ஜ் காந்தமும் பையும் விற்கிற மேசைகள்தான் கண்ணில் படும். ஆனால் காசு கொடுத்து வாங்கினது காந்தத்தை. படகை இல்லை.

நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் விடுமுறை நாளில் பஸ் பிடித்து மார்சஷ்லொக் போய்விடுவேன். ஒருநாள் ஒரு பெரியவர் கரையில் உட்கார்ந்து கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த பார்வையில் என்ன தெரிந்ததோ, ஊசியை நீட்டினார். எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சைப் போட்டேன். இழுத்துப் பார்த்தார், தலையாட்டினார், ஊசியைத் திருப்பி வாங்காமல் சிகரெட் பற்றவைக்கப் போய்விட்டார். ஓசியில் ஆள் கிடைத்தாச்சு! ஆகஸ்ட்டில் தொடங்கி டிசம்பர் வரை லம்பூகி என்கிற மீனுக்கு சீசன். பனையோலையை மிதவையில் கட்டி, சுண்ணாம்புக்கல்லை நங்கூரமாக இறக்கி, நடுக்கடலில் விட்டுவிடுவார்கள். அந்த நிழலுக்கு மீன் ஒதுங்கும். சுற்றி வலை போட்டுப் பிடிப்பது. பச்சையும் தங்கமுமாக ஏறுகிற மீன், செத்ததும் வெளிறிவிடும். இதெல்லாம் அந்த மனிதர் அரைகுறை இங்கிலீஷில் எனக்குச் சொன்னது. மரியாதை தெரியாத ஊர்க்காரர்!

வீடியோவில் இது எதுவும் இல்லை. எதிர்க்கரையில் துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள் நிற்கின்றன, டெலிமாராவில் மின்நிலையம் இருக்கிறது, அதற்கு எரிவாயு கொடுக்கிற பெரிய கப்பல் வளைகுடாவுக்குள்ளேயே நிற்கிறது. இவை எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அவர்கள் மீன் பிடிக்கிறார்கள். அத்தனையையும் பிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு, வண்ணப் படகை மட்டும் காட்டிவிட்டு, "அரை நாள் போதும் மக்களே, ஒரே மீன் நாத்தம்" என்கிறார்.

மீன் நாத்தம். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

மீன்பிடிக்கிற ஊரில் மீன் வாசனை வராமல் மல்லிகைப்பூவா மணக்கும்? பள்ளிக்கூட பஸ்ஸில் மீன்காரர் பிள்ளைகள் நாங்கள் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்கிற பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்க வருகிறவர்களின் பிள்ளைகள்தான். மீன் வேண்டும், மீன்காரன் பக்கத்தில் உட்காரக் கூடாது. அந்த மூக்கைத்தான் இவர் விமானத்தில் ஏற்றி மால்ட்டா வரை கொண்டுபோயிருக்கிறார்.

"எல்லாவற்றையும் உங்கள் கதையாக்காதீர்கள்" என்று யாராவது வருவீர்கள். ஆக்குவேன். எங்கள் ஊரில் செருப்போடு யாரும் வள்ளத்தில் ஏற மாட்டார்கள். கடலுக்குப் போகிறவரே கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். அதனால் அந்த மனிதர் கத்தியது எனக்கு மொழி தெரியாமலே புரிந்தது. உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், என் பக்கத்தில் வந்து "லைட்டா எடுத்துக்கோங்க ப்ரோ" என்று மட்டும் எழுதாதீர்கள். நேரே பிளாக்தான்.

போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். கூட்டம் பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். பூண்டு, தக்காளி, கொஞ்சம் அரிசி போட்டு அல்யோத்தா என்று ஒரு மீன் சூப் வைப்பார்கள், குடித்துப் பாருங்கள். படகைக் கரையில் நின்றே படம் எடுக்கலாம், நன்றாகவே வரும்.

அப்புறம், அந்த வீடியோ லிங்கை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவருக்குத்தான் வியூஸ் ஏறுகிறது.