யோகா கற்பிக்கும் எனக்கு முடக்குவாதம்

“யோகா செய்கிறவருக்கு எப்படி இந்த வருத்தம் வந்தது?”

இலங்கையில், மட்டக்களப்புக் கல்லடியில் என் வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார் கேட்கிறார்கள். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருப்பவர், என் தொழில் என்னவென்று தெரிந்ததும் அதையே கேட்கிறார். யாரும் பொல்லாத மனத்தோடு கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. ஒழுங்காக யோகா செய்கிறவருக்கு நோய் வராது. வந்திருந்தால் அவர் எங்கேயோ பிழை விட்டிருக்கிறார். இந்தத் தீர்ப்பு பொய் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். இதை நம்பியதால் எங்கள் மாவட்டத்துப் பெண்களின் கைவிரல்கள் கோணிப் போவதைக் கண்ணால் பார்க்கிறேன். அதனால்தான் இந்த நீளமும் இந்தக் கோபமும்.

வயதாகி மூட்டுத் தேய்ந்து வருகிற வலி அல்ல முடக்குவாதம். கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, சொந்த மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கிச் சூடேறுகிறது. அடக்காமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பின் விளிம்பையும் அரிக்கிறது. பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி, விரல்களின் சிறு மூட்டுகளில் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகமாக வருகிறது. பரம்பரைக்கும் புகைபிடித்தலுக்கும் இதில் பங்கு உண்டு. ஆசனம் செய்ததற்கும் செய்யாததற்கும் பங்கில்லை.

காலைதான் கடினம். கண் விழிக்கும்போது விரல்கள் மடங்க மறுக்கும். சுடுதண்ணீரில் கையை வைத்து, மெதுவாக விரித்து மூடி, அவை என் சொல் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். இடியப்ப உரலைப் பிழிய என்னால் முடியாது. தேங்காய் துருவ முடியாது. கிணற்று வாளிக் கயிற்றை இறுக்கிப் பிடிக்க முடியாது. வீட்டில் இவற்றைக் கணவரும் மகனும் செய்கிறார்கள். ஆண்கள் இடியப்பம் பிழிவதைப் பார்த்து மாமியார் முதலில் முகம் சுளித்தார். இப்போது உரலுக்குள் மாவை வைத்து மகனின் கையில் கொடுப்பவரே அவர்தான்.

யோகா ஆசிரியர் என்றால் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து பாயை விரித்திருப்பார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என் வகுப்புகள் எல்லாம் பின்னேரத்தில்தான். அதிகாலையில் செய்தால்தான் பலன் என்று சொல்லிச் சிலர் விலகிப் போனார்கள். போகட்டும். வயலுக்கும் கடைக்கும் போய்வரும் பெண்கள் அதே பின்னேரத்துக்காகத்தான் என்னிடம் வருகிறார்கள்.

வலியைப் பற்றிச் சொன்னால் ஆட்கள் காது கொடுக்கிறார்கள். களைப்பைப் பற்றிச் சொன்னால், “களைப்பு எல்லாருக்கும் இருக்கிறதுதானே” என்கிறார்கள். வேலை செய்து வரும் களைப்பு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்த பிறகும் அப்படியே இருக்கும். காய்ச்சல் தொடங்குவதற்கு முதல் நாள் உடம்பு எப்படி இருக்குமோ, அதுபோல நாட்கணக்கில். வெளியில் ஒன்றும் தெரியாது. “பார்க்க நல்லாகத்தானே இருக்கிறீர்கள்” என்று சொல்வார்கள். அப்படியான நாட்களில் வகுப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது. வகுப்பு நடந்தால்தான் எனக்குக் காசு; சம்பளத்தோடு லீவு கிடைக்கும் வேலை அல்ல இது.

சனசமூக நிலைய மண்டபத்தில் நான் எப்படிக் கற்பிக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற ஆசிரியர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

கைகளையும் கால்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. சூரிய நமஸ்காரத்தில் அது திரும்பத் திரும்ப இறங்குகிறது. வீங்கிய மணிக்கட்டோடு அதைச் செய்யவே கூடாது. கதிரையின் இருக்கையில் முன்கைகளை வைத்தோ, சுவரில் சாய்த்தோ செய்யலாம். முதுகு நீள்வதும் தொடையின் பின்தசை இழுபடுவதும் அப்போதும் கிடைக்கும். முழங்கால் வீங்கியவருக்கு, காலை மடக்கிக் குதிகாலில் உட்காரும் வச்சிராசனம் வேண்டாம். தலையிலும் கழுத்திலும் பாரம் இறங்கும் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றை முடக்குவாதம் உள்ள எவருக்கும் நான் கற்பிப்பதில்லை. இந்த நோய் நெடுங்காலம் இருந்தவர்களுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளையும் கட்டிப் பிடித்திருக்கும் இணைப்பு நார்கள் தளர்ந்துபோகலாம். அங்கே எலும்பு நகர்ந்தால் நசுங்குவது முண்ணாண், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீரொயிட் மருந்தை நீண்ட காலம் எடுத்தவர்களின் எலும்பு அடர்த்தி குறையும். அவர்களை வலிந்து முன்னால் மடக்கினால் முள்ளந்தண்டு எலும்பு நொறுங்கக்கூடும். குனிந்திருக்கும் ஒருவரின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் என்ன குளிசை எடுக்கிறார் என்று அழுத்துவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

வீங்கியிருக்கும் மூட்டுக்கு அன்றைக்குப் பாரம் கொடுக்கக் கூடாது. வீக்கம் இறங்கிய பிறகு அதை அசைக்காமல் வைத்திருந்தால் அதுவும் கேடு. சுற்றியுள்ள தசை மெலிந்து மூட்டு இறுகிவிடும். இன்று ஓய்வு கொடுக்கும் நாளா, அசைக்கும் நாளா என்பது பாயில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு வகுப்பும் கேட்பதில் தொடங்குகிறது. எந்த விரல், எந்தக் கால், இரவு தூங்கினீர்களா. பிறகு வாயால் சொல்லிச் சொல்லிக் கொண்டுபோகிறேன். எல்லா ஆசனத்தையும் நானே செய்துகாட்ட முடியாததால் வந்த பழக்கம் இது, ஆனால் இப்போது முடிந்த நாட்களிலும் நான் செய்துகாட்டுவதில்லை. ஆசிரியரின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுபோல வர வேண்டும் என்று ஆட்கள் இழுத்துப் பிடிக்கிறார்கள். கேட்டுச் செய்யும்போது தங்கள் உடம்பிடம் திரும்புகிறார்கள். ஓய்வுபெற்ற ஒரு பாடசாலை அதிபர் வருகிறார். முதல் மாதம் முழுவதும் பக்கத்துப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது கண்ணை மூடிக்கொண்டு தோளை எங்கே நிறுத்துவது என்று தானே முடிவு செய்கிறார்.

நான் மருந்து எடுக்கிறேன். வகுப்பின் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் குளிசையைக் கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். அதை மற்றக் குளிசைகள் போல நாள்தோறும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதனால் எந்த நாள் என்பதை என் கிளினிக் கொப்பியின் அட்டையிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். பக்கவிளைவைக் குறைக்கப் போலிக் அமிலம். ஈரலும் இரத்த அணுக்களும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஒழுங்கான இரத்தப் பரிசோதனை. இதே நோய்க்குத் தரும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எடுப்பவர்கள் விழித்திரையையும் காலத்துக்குக் காலம் காட்ட வேண்டும். இவ்வளவையும் அரசாங்க வைத்தியசாலை இந்த நாட்டில் இலவசமாகச் செய்து தருகிறது. விடிய முதலே வரிசையில் நிற்க வேண்டித்தான் இருக்கிறது, ஆனாலும் இது எவ்வளவு பெரிய கொடை என்பதை நாங்கள் போதிய அளவு சொல்வதில்லை.

இந்த மருந்துகள் வேலை செய்வது தெரியவர 6 முதல் 12 கிழமைகள் ஆகும். அந்த இடைவெளிதான் ஆபத்தான காலம். குளிசை குடித்தும் வலி குறையவில்லையே என்று வீடு முழுவதும் கவலைப்படும். அப்போதுதான் யாராவது ஒருவர் வந்து, “இங்கிலிஷ் மருந்தை விடு, வேருக்கே வைத்தியம் இருக்கிறது” என்பார்.

மண்முனைப் பாலத்துக்கு அப்பால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளை என்னிடம் வந்தார். தையல் அவருடைய தொழில். கிளினிக்கில் மருந்து தொடங்கிய சில கிழமைகளில் ஒரு யோகா முகாமுக்குப் போயிருக்கிறார். ஒரு மண்டலம் குளிசை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சியும் ஒரு பொடியும் மட்டும் போதும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். பொடி குடித்த நாலு நாளில் வலி குறைந்தது. அதில் என்ன இருந்தது என்று டப்பாவில் எழுதவில்லை. இப்படியான பொடிகளில், வீக்கத்தைச் சட்டென்று அடக்கும் ஸ்டீரொயிட் சொல்லாமல் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பரிசோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஒரு மண்டலத்தை நாலைந்து மண்டலமாக நீட்டினார். என்னிடம் வந்தபோது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. ஊசியில் நூல் கோக்க முடியாமல் மெஷினை விற்றுவிட்டார். இந்த நோயில் எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அரித்துப் போன எலும்பை எந்தக் குளிசையும் எந்த ஆசனமும் பழையபடி கட்டித் தராது. நான் அவரை முதலில் அனுப்பியது பாய்க்கு அல்ல, கிளினிக்குக்கு.

எங்கள் பக்கத்தில் கண்ணூறு என்று நூல் கட்டுவார்கள். என் அம்மாவும் கட்டினார். நூல் கையில் இருந்தது, குளிசை வயிற்றுக்குள் போனது, ஒன்றோடொன்று மோதவில்லை. யோகாவின் பெயரால் சொல்லப்படும் இன்னொரு கதைதான் என்னைக் கொதிக்க வைக்கிறது: “கோபத்தை உள்ளே அடக்கி வைத்தாய், அது மூட்டில் வந்து நின்றுவிட்டது.” மூன்று வயதுக் குழந்தைக்கும் இதுபோன்ற மூட்டழற்சி வருகிறது. அந்தக் குழந்தை எந்தக் கோபத்தை அடக்கி வைத்தது? போரையும் 2004 சுனாமியையும் தாண்டி வந்த பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். நாவலடியில் வீடும் பிள்ளைகளும் போன ஒருவரிடம், நீ மனத்தை அமைதியாக வைத்திருக்கவில்லை என்று சொல்ல எவருக்கு உரிமை இருக்கிறது? மன அழுத்தம் நோயைக் கூட்டலாம், ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து, நோயாளிதான் நோயை அழைத்து வந்தார் என்பதற்குத் தாவுவது கொடுமை.

அந்தக் கொடுமையின் இன்னொரு முனை கல்யாணம். “டீச்சர், வெளியில் சொல்லிவிடாதீர்கள், பெண் பார்க்க வருகிறார்கள்” என்று ஒரு தாய் என் கையைப் பிடித்தார். நான் சொல்ல மாட்டேன். ஆனால் மகளுக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். பிள்ளை பெற நினைக்கும் முன்பே வைத்தியரிடம் சொல்லி, கர்ப்ப காலத்துக்குப் பாதுகாப்பான வேறு மருந்துக்கு மாற வேண்டும். அப்படி மாறி நல்ல சுகத்தோடு பிள்ளை பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு மறைக்கும் அவசரத்தில் மகப்பேற்று வைத்தியருக்கும் மறைத்துவிட்டால்தான் விபரீதம்.

மாரி தொடங்கியதும் இன்னொரு கவலை, டெங்கு. மூட்டு வலிக்கு டைக்ளோபெனாக் எடுத்துப் பழகியவர்கள் காய்ச்சல் வந்தாலும் கை அதையே தேடும். டெங்குவில் அது இரத்தப்போக்கைக் கூட்டும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பரசிட்டமோலைத் தவிர வேறொன்றும் எடுக்காமல் வைத்தியரிடம் போங்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் யோகா எதற்கு என்று கேட்பீர்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அதற்கு என் உடம்பே பதில் சொன்னது. குளிசை தேடிக் கடை கடையாக அலைந்தோம். கிடைக்காத கிழமைகளும் இருந்தன. அந்தக் காலம் முழுவதும் நான் பிராணாயாமத்தையும் ஆசனத்தையும் ஒரு நாளும் விடவில்லை. மூட்டுகள் வீங்கத்தான் வீங்கின. குளிசை திரும்பக் கிடைத்துச் சில கிழமைகளில் வீக்கம் இறங்கியது. ஆனால் வீக்கத்தோடு கிடந்த அந்த இரவுகளில், மூச்சை நீளமாக வெளியே விட்டு விட்டுத்தான் தூங்கினேன். படுத்தபடியே உடம்பைத் தளர்த்தும் யோகநித்திரை இல்லாவிட்டால் பயம் என்னை விழுங்கியிருக்கும். தோளும் இடுப்பும் இன்றும் முழுதாகச் சுழல்வதும், படியில் ஏறும்போது தொடைக்குப் பலம் இருப்பதும் பாயில் கிடைத்தவை. ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன: களைப்பிலும் மனநிலையிலும் அசைவிலும் ஓரளவு பயன். நோயை அழித்ததாக எதுவும் காட்டவில்லை. ஓரளவு பயன் என்பது இந்த நோயோடு வாழ்கிறவருக்குச் சின்ன விடயம் அல்ல. அதை விளம்பரப்படுத்த யாருக்கும் பொய் தேவைப்படக் கூடாது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யோகா கற்பிக்கும் சகோதர சகோதரிகளே, சேரும் படிவத்தில் என்ன நோய், என்ன மருந்து என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிலில் தெரியாத மருந்தின் பெயர் இருந்தால், அவருடைய வைத்தியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். குளிசையை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் எந்த யோகா சான்றிதழிலும் இல்லை.

தைப்பொங்கலுக்குப் பிறகு, மூட்டழற்சி உள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் இன்னொரு நோயான லூப்பஸ் உள்ளவர்களுக்கும் தனியாக ஒரு பின்னேர வகுப்புத் தொடங்குகிறேன். எல்லாம் கதிரையில் இருந்தே செய்யலாம். லூப்பஸ் உள்ளவர்களுக்கு வெயில் ஆகாது; மண்டபத்துக்குள் மேற்கு யன்னல்களுக்குத் திரை போட்டிருக்கிறோம். வரும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். கிளினிக் நாளென்றோ எழும்ப முடியவில்லையென்றோ தவறும் வகுப்புகளுக்குக் காசு வாங்க மாட்டேன்.