'டிட் நாட் வென்ட்' என்று சொன்னால் என்ன குடி முழுகிப் போச்சு?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். மேடையில் அவ்வளவு நேரம் பேசிய பெண்ணிடமிருந்து 'ஐ டிட் நாட் வென்ட்' என்ற ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து ஆளாளுக்குச் சிரிக்கிறீர்கள். படித்தவர்கள்தான் அதிகம் சிரிக்கிறீர்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தப் பெண் யோசித்துத்தான் பேசியிருக்கிறார். நடந்து முடிந்த விஷயம், அதனால் வினை இறந்த காலத்தில் வர வேண்டும், அதுவரை சரி. 'டிட்' வந்துவிட்டால் அதுவே காலத்தைச் சொல்லிவிடும், பின்னால் 'கோ' போதும் என்கிற ஒரு படிதான் பாக்கி. ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளும் 'ஏட்' என்பதற்குப் பதில் 'ஈட்டட்' என்றெல்லாம் சொல்லித்தான் வளர்கிறார்கள். அதைக் கேட்டுக் கொஞ்சுகிறோம். கற்பவரின் பிழை அவர் மனதுக்குள் உருவாகிவரும் விதியைக் காட்டுகிறது என்று பிட் கார்டர் என்கிற மொழியியலாளர் 1967-லேயே எழுதிவிட்டார். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற 'எ', 'தி' விட்டுப்போவதும் அப்படித்தான். தமிழில் அந்த ஏற்பாடே கிடையாது, ரஷ்ய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் கிடையாது, அவர்களும் அதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 'ஷி கோ' என்று 'எஸ்' இல்லாமல் சொல்வது இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கத்துப் பழைய பேச்சில் உண்டு. அங்கே பிறந்தவர் சொன்னால் வட்டார வழக்கு, நம் ஆள் சொன்னால் படிக்காதவர், அப்படித்தானே?

என் அக்கா ஒரு மீட்டிங்கில் 'டிஸ்கஸ் அபௌட்' என்றாள். வெறும் 'டிஸ்கஸ்' போதும், அவ்வளவுதான் பிழை. மேலதிகாரி பேச்சை நிறுத்தி, எல்லார் முன்னாலும் அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தார். அதற்கப்புறம் அவள் மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை. யோசனைகளை எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பாள், அவர் வாசிப்பார், பாராட்டு அவருக்குப் போகும். பல வருஷம் அப்படியே ஓடியது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

"அப்போ இலக்கணமே வேண்டாமா?" என்று வருவீர்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? திருத்துங்கள், தனியாகக் கூப்பிட்டு, பேசி முடித்த பிறகு திருத்துங்கள். இன்டர்வியூவில் யார் விடுவார்கள் என்றால், ஆமாம், விட மாட்டார்கள்தான். அதற்காக இப்போதே ஊரைக் கூட்டிச் சிரிக்க வேண்டுமா? "நாங்களும் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்" என்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்களுக்கு வலித்தது இல்லையா? தெரிந்துகொண்டே அடுத்தவருக்கும் ஏன் அதைச் செய்கிறீர்கள்? வீட்டிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவருக்கு அது இயல்பாக வந்தது. இருபது வயதுக்கு மேல் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு மேடை ஏறுகிற தைரியம் அதைவிடப் பெரிது.

அந்தப் பெண் என்ன பேசினார் என்று யாராவது கேட்டீர்களா? வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாலை நேர வகுப்பு வேண்டும் என்று கேட்டார். காரணங்களையும் வரிசையாகச் சொன்னார், ஒவ்வொன்றும் தெளிவாகப் புரிந்தது.

வெட்டிப் போட்டவர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இன்று ராத்திரிக்குள் அதை எடுத்துவிடுங்கள்.