அந்த டி-சர்ட்டில் இருப்பது இயன் கர்ட்டிஸின் இ.சி.ஜி. அல்ல

வேலூர் லாங்கு பஜாரில் தொங்கும் ஒரு கறுப்பு டி-சர்ட்டின் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இந்த வெள்ளைக் கோடுகள், ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்ட்டிஸின் கடைசி இதயத் துடிப்பு." இது தவறு.

தேதியே போதும். அந்தக் கோடுகளின் படம் வெளிவந்தது ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தின் அட்டையில், 1979 ஜூனில். கர்ட்டிஸ் தன் 23ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டது 1980 மே 18 அன்று.

கோடுகள் ஒரு பல்சாருடையவை, அதாவது சீரான இடைவெளியில் துடிப்புகளை அனுப்பும் ஒரு விண்மீனுடையவை. சிபி 1919 என்ற அந்த விண்மீனை 1967இல் கண்டறிந்தவர் ஜோஸலின் பெல். ஏறக்குறைய 1.34 வினாடிக்கு ஒருமுறை அதிலிருந்து ரேடியோ துடிப்பு வருகிறது. அத்துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வரைபடத்தை ஒரு வானியல் கலைக்களஞ்சியத்திலிருந்து இசைக்குழுவினர் எடுத்தார்கள். வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதைக் கறுப்பில் வெள்ளையாக்கினார்.

ஆஸ்பத்திரி ஊர்க்காரர்கள் நாம். இளஞ்சிவப்புக் கட்டத்தாளில் வரும் இ.சி.ஜி.யை எத்தனை முறை மடித்து ஃபைலில் வைத்திருப்போம்! அதில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். டி-சர்ட்டில் அப்படியில்லை. ஓரங்கள் அடங்கியிருக்க, நடுவில் ஜவ்வாது மலைபோல் முகடுகள். ஒரு கோடு மாதிரி இன்னொன்று இல்லை.

கர்ட்டிஸுக்கு வலிப்பு நோய் இருந்தது உண்மை. ஆனால் அவருடைய தாழ்ந்த, கனத்த குரலும், மெட்டைத் தூக்கிச் செல்லும் சக இசைஞர் பீட்டர் ஹூக்கின் பேஸ் கிதாரும்தான் இன்றும் பிள்ளைகளை நடுராத்திரியில் ஹெட்ஃபோனோடு உட்காரவைக்கின்றன. அவர் சாவை டி-சர்ட் படமாக்காதீர்கள். அந்தச் செய்தி வந்தால், ஆல்பம் வெளியான தேதியைப் பதிலாக அனுப்புங்கள்.