"மசிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அடுப்படிக்குள் போனேன். வெளியே வரும்போது மணி ஏழேகால். கையில் ஒரு கிண்ணம் நிறைய எண்ணெய் குடித்த உருளைக்கிழங்குத் துருவல் மாதிரி ஏதோ ஒன்று. நான் செய்யப் போனது குரோக்கெட்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நம்ம கட்லட்டுக்குப் பெரியம்மா பிள்ளை மாதிரிதான். தட்டையாகத் தட்டினால் கட்லட், விரல் நீளத்துக்கு உருட்டினால் குரோக்கெட். பிரெஞ்சில் மொறுக்கென்று கடிப்பதற்கு ஒரு சொல் இருக்கிறது, அதிலிருந்து வந்த பெயர். ஜப்பானில் அதையே 'கொரோக்கே' ஆக்கி இறைச்சிக் கடையில்கூட சுடச்சுடப் போட்டுத் தருகிறார்கள். ரயிலில் நம்ம ஊர்க்காரர் ஆடுகிற பெட்டியில் தட்டைத் தூக்கிக்கொண்டு கட்லட் கட்லட் என்று வருகிறார், அதில் ஒன்றுகூட உடைந்திருக்காது. ஆடாமல் அசையாமல் நிற்கிற என் அடுப்பில்தான் உடைகிறது.

மகள் ஒரு வீடியோவைக் காட்டி, உள்ளே சீஸ் வைத்துச் செய்துகொடு என்றாள். அந்த வீடியோவில் ஓர் அம்மா நகப்பூச்சு கலையாமல் சிரித்துக்கொண்டே, "உருளைக்கிழங்கை வேக வச்சு மசிச்சுக்கோங்க, பத்தே நிமிஷத்துல ஸ்நாக்ஸ் ரெடி" என்றார். அம்மா தாயே, அந்த "வேக வச்சு மசிச்சுக்கோங்க" என்ற மூன்று வார்த்தையில்தானே மொத்த வித்தையும் இருக்கிறது! அதை நாலு நொடியில் ஓட்டிவிட்டு, கொத்தமல்லி தூவுவதை அரை நிமிடம் காட்டுகிறீர்களே, கொத்தமல்லி தூவ எனக்குத் தெரியாதா?

முதலில் கிழங்கு. காய்கறிக் கடை அண்ணாச்சியிடம் எந்தக் கிழங்கு நல்லது என்று கேட்டால் "எல்லாம் ஒண்ணுதாம்க்கா" என்கிறார். ஒன்றில்லை அண்ணாச்சி. கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரிகிற புதுக்கிழங்கில் தண்ணீர் அதிகம், மாவு கம்மி, அது குழம்புக்கு ஆகும், இதற்கு ஆகாது. சரி, பழசு வாங்கலாம் என்றால் அதிலும் ஒரு கண்ணி. ரொம்பக் குளிரில் நாள்கணக்கில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாற ஆரம்பித்துவிடும். லேசாகத் தித்திக்கும், எண்ணெயில் போட்டால் சீக்கிரமே கறுத்துப்போகும். இது தெரியாமல் மிச்சமிருந்த கிழங்கையெல்லாம் ஃபிரிட்ஜில் அடுக்கி வைத்த புண்ணியவதியும் நான்தான்.

அப்புறம் நான் செய்த வேலை. சீக்கிரம் வேகட்டும் என்று நாலாக நறுக்கி, முழுகத் தண்ணீர் ஊற்றி, குக்கரில் நாலு விசில் விட்டேன். வெட்டின பக்கமெல்லாம் தண்ணீரைக் குடித்து உப்பிக்கொண்டு வந்தது. அது போதாதென்று கட்டி இருக்கக் கூடாதே என்று மிக்ஸியில் ஒரு சுற்று. அந்தப் பிளேடு சுற்றுகிற வேகத்தில் மாவுச்சத்து மொத்தமும் உடைந்து வெளியே வந்து, ஜாரைத் திறந்தால் சுவரொட்டி ஒட்டுகிற பசை! கரண்டியைத் தூக்கினால் ஜாரும் கூடவே எழும்புகிறது.

இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று தேடினால் ஆளுக்கொரு யோசனை. ரெண்டு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் போடுங்க, மைதா போடுங்க, அவலை ஊற வச்சுப் பிசைங்க, பிரெட்டைப் பிய்ச்சுப் போடுங்க. எல்லாவற்றையும் போட்டேன். கடைசியில் அதில் உருளைக்கிழங்கு இருந்ததா என்று விசாரணைக் கமிஷன்தான் வைக்க வேண்டும். ஒருவராவது "தண்ணி ஏன் உள்ளே போச்சு?" என்று கேட்டார்களா?

அடுத்து மைதாக் கரைசல் ஒரு தட்டில், ரஸ்க் தூள் ஒரு தட்டில், உருட்டினதை வைக்க ஒரு தட்டு. மூன்றாவது உருண்டைக்குள் என் பத்து விரலும் மாவு, தூள், மாவு, தூள் என்று படிந்து தடித்துவிட்டன. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு ஒழுங்காகக் கோட்டிங் பிடித்தது என் விரல்களில் மட்டும்தான்.

எண்ணெயில் ஐந்தை ஒரே நேரத்தில் போட்டேன். நுரை பொங்கினது, சட்டென்று அடங்கியும் போனது. சூடு இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், அப்போது எனக்கு உறைக்கவில்லை. மேல்தோல் இறுகுவதற்கு முன்னால் ஜல்லிக்கரண்டியால் திருப்பிவிட்டேன். முதல் உருண்டையின் இடுப்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்தது. கோடு வாயாகித் திறந்தது. அதிலிருந்து சீஸ் வெள்ளையாக எட்டிப் பார்த்து, பட் என்று வெடித்து என் மணிக்கட்டில் தெறித்தது. மற்ற நாலும் கூடவே கரைந்தன.

அதை அரித்தெடுத்து வைத்தால் வீட்டுக்காரர் ஒரு வாய் தின்றுவிட்டுச் சொல்கிறார்: "தயிர் சாதத்துக்கு நல்லாத்தான் இருக்கு." இதற்கு நன்றாக இல்லை என்றே சொல்லியிருக்கலாம். அத்தை தன் பங்குக்கு, "வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தா இந்நேரம் சாப்பிட்டுப் பாத்திரமே கழுவியிருக்கலாம்" என்றார்.

ரோஷம் வந்து செவ்வாய்க்கிழமை மறுபடி இறங்கினேன். கிழங்கை முழுசாக, தோலோடு, இட்லிப் பானையில் ஆவியில் வேக வைத்தேன். சூட்டோடு உரித்து, வெறும் வாணலியில் மூன்று நிமிடம் புரட்டி ஈரத்தை விரட்டினேன். கையால் மசித்து, ஆற வைத்து, உருட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். ரஸ்க் தூளில் ரெண்டு தடவை புரட்டல். துளி தூளைப் போட்டால் உடனே சீறி மேலே வருகிற சூட்டில், மூன்று மூன்றாகப் போட்டேன். பன்னிரண்டில் ஒன்றுதான் வாய் பிளந்தது.

அதாவது மொத்தக் கூத்துக்கும் காரணம் தண்ணீர். அந்த அம்மாவுக்கும் இது தெரியாமலா இருக்கும்? சொன்னால் பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும், அதுதானே?

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் அரை லிட்டர், அடியில் கறுப்புத் தூளோடு, இன்னும் மேடையில்தான் இருக்கிறது. நான் தொட மாட்டேன். "மசிச்சுக்கோங்க" என்று சொன்னவர்கள் வந்து வடிகட்டட்டும்.