எழுத்தை எழுத்தாகவே அனுப்புங்கள்

டேப்லெட்டில் படிக்கும் இதழுக்கு நேட்டிவ் ஆப்பா (அந்தக் கருவிக்கென்றே எழுதி நிறுவும் செயலி), எச்டிஎம்எல்5-ஆ (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) என்று கேட்டுவிட்டு, வேகத்தைக் காரணம் காட்டி நேட்டிவ் பக்கம் சாய்கிற ஒரு கட்டுரையைப் படித்தேன். வேகம் முக்கியம்தான். ஆனால் அதற்கும் முன்னால், எழுத்து எந்த வடிவில் வாசகர் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

2010-இல் வந்த, வயர்டு என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப இதழின் முதல் ஐபேட் பதிப்பே சுமார் 500 எம்பி. வீடியோக்கள் ஒரு பக்கம் இருக்க, பக்கங்களே படங்களாக மாற்றப்பட்டிருந்தன. நிமிர்த்திப் பிடித்தால் ஒரு படம், படுக்கவைத்தால் இன்னொன்று. 2012-இல் ஐபேடுக்கு ரெட்டினா என்ற கூர்மையான திரை வந்ததும் பிக்சல்கள் நான்கு மடங்காகின, அப்படிப்பட்ட இதழ்களின் எடையும் கூடியது. எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். படமாகிப்போன எழுத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு வரியை நகலெடுக்க முடியாது, எழுத்தளவைக் கூட்ட முடியாது. திரையில் உள்ளதைப் பார்வையற்ற வாசகருக்கு உரக்க வாசித்துக் காட்டும் வாய்ஸ்ஓவர் அந்தப் பக்கத்தில் வாயடைத்து நிற்கும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

சரி, என்ன செய்யலாம்? கட்டுரைகள் எச்டிஎம்எல்லில் இருக்கட்டும். சந்தா, பின்னணியில் இதழை இறக்குவது, அறிவிப்புகள் ஆகியவற்றை அவற்றைச் சுற்றியிருக்கும் நேட்டிவ் ஆப் என்ற கூடு பார்த்துக்கொள்ளட்டும். முப்பரிமாணக் காட்சிக்கு, பிரவுசரிலேயே அதை வரையும் வெப்ஜிஎல் பெரும்பாலும் போதும். ஆப் ஸ்டோரே வேண்டாம் என்றாலும் வழி உண்டு: பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் 2011-லேயே பிரவுசரில் ஓடும் வெப் ஆப்பைக் கொண்டுவந்தது.

அப்புறம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் பழைய, மெதுவான டேப்லெட் ஒன்றில் பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பல வாசகர்களிடம் இருப்பது அதுதான்.